கடல் வருவது 15வது குழியில்

குன்னூரைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வெலிங்டனிலும் ஊட்டியிலும் மட்டுமே கோல்ஃப் ஆடியவர். கலிஃபோர்னியாவில் சைப்ரஸ் பாயின்ட் என்ற தனியார் கிளப்பின் மைதானத்தை உலகின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்கிறார்கள். அதன் நீளமோ ஏறக்குறைய 6,500 கெஜம்தான். இன்றைய போட்டி மைதானங்கள் 7,000 கெஜத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகின்றன. அப்படியானால் அந்தப் புகழெல்லாம் பசிபிக் கடலின் காட்சிக்குக் கிடைத்ததுதானா? மலையில் ஆடிப் பழகியவர் அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா? கேள்வி இவ்வளவுதான். பதில் கொஞ்சம் நீளும்.

சைப்ரஸ் பாயின்ட்டில் நான் ஆடியதில்லை. உறுப்பினர் யாராவது விருந்தினராக அழைத்துப் போனாலொழிய அங்கே ஆட முடியாது. ஆனால் அதன் வரைபடத்தை நெடுங்காலமாகக் கையில் வைத்துப் பார்த்து வருகிறேன். அதை அமைத்த அலிஸ்டர் மெக்கன்சி எழுதியவற்றைப் படித்திருக்கிறேன். 2025 செப்டம்பரில் அமெச்சூர் அணிகள் மோதும் வாக்கர் கோப்பைப் போட்டி அங்கே நடந்தபோது ஒளிபரப்பை விடாமல் பார்த்தேன். ஊட்டி மைதானத்தில் மழையிலும் உறைபனியிலும் ஆடி வளர்ந்தவன் என்பதால், அந்தக் கடற்கரையை இந்த மேட்டில் நின்றுதான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

என் பதில் இது: கடல் முக்கியம்தான். ஆனால் கடலை எப்போது ஆட்டக்காரருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்த மனிதரின் பொறுமை அதைவிட முக்கியம். மைதானத்தின் உயிர் அதன் வழியில் இருக்கிறது. எங்கே தொடங்கி, எந்த நிலத்தின் மேல் ஏறி, எதை முதலில் காட்டி, எதைக் கடைசிவரை தள்ளிவைத்து, ஆட்டக்காரரை எங்கே கொண்டுவந்து விடுகிறது என்பதில் இருக்கிறது. தனித்தனிக் குழிகளின் அழகு அதற்கு அடுத்ததுதான். (டீ என்ற தொடக்க இடத்திலிருந்து, கிரீன் என்ற குட்டைப் புல்தரையில் உள்ள துளைவரை நீளும் ஒவ்வொரு பகுதியையும் கோல்ஃபில் குழி என்பார்கள்.)

மான்ட்டரே தீபகற்பத்தின் அந்த முனையில் மூன்று வகை நிலம் அடுத்தடுத்துக் கிடக்கிறது: வெள்ளை மணற்குன்றுகள், பைன் காடு, அலை மோதும் பாறைக் கரை. கிளப் கட்டடத்தின் பக்கம் நின்றாலே கடல் தெரியும். வேறு யாராவது அமைத்திருந்தால் முதல் குழியையே கரையோரம் ஓடவிட்டிருப்பார்கள். இங்கே முதல் அடி ஒரு சாலையைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் போகிறது. அதன் பிறகு வழி காட்டுக்குள் நுழைகிறது, மணற்குன்றுக்கு வருகிறது, மறுபடி மரங்களுக்குள் போகிறது, திரும்பவும் மணலுக்கு வருகிறது. இடையிடையே தூரத்தில் நீலம் தெரிந்து மறையும். 13வது, 14வது குழிகளில் காற்றில் உப்பு ஏறுவதை உணரலாம் என்று ஆடியவர்கள் சொல்வார்கள். பாறை விளிம்பை வழி தொடுவது 15வது குழியில்தான். அந்தக் குழி சுமார் 140 கெஜம். ஒரு சிறு கடல் இடுக்கைத் தாண்டி அடிக்கும் பார் 3, அதாவது தேர்ந்தவர் மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. 16வது குழி 230 கெஜத்தை ஒட்டி, திறந்த கடலின் மேல் அடிக்க வேண்டிய இன்னொரு பார் 3. 17வது குழியில் முனையிலிருந்து நிலப்பக்கம் திரும்பி, மறுபடி கடலுக்கு மேல் டிரைவ் என்ற நீண்ட முதல் அடியை அடிக்க வேண்டும். மூன்றே குழிகள். முதல் 14 குழிகளும் வேறு நிலங்களில் மனதைப் பழக்கியிருப்பதால் அந்த மூன்றும் அவ்வளவு உயரத்தில் நிற்கின்றன. 18 குழிகளையும் கரையோரமே வைத்திருந்தால் ஐந்தாவது குழிக்குள் கண் சலித்துப்போயிருக்கும்.

இந்த மைதானம் உருவானதில் இருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். முதலாமவர் மரியன் ஹாலின்ஸ். 1921இல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் கோப்பையை வென்றவர். இந்த கிளப்பைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவருடையது. பெண்கள் நிலத் தொழிலிலும் கிளப் நிர்வாகத்திலும் அபூர்வமாக இருந்த காலம் அது. முதலில் வடிவமைப்பாளராக அமர்த்தப்பட்ட செத் ரேய்னர் 1926 தொடக்கத்தில் இறந்துவிட்டார். பிறகுதான் அலிஸ்டர் மெக்கன்சி வந்தார். 16வது குழி இருக்கும் இடத்தில் கடலைத் தாண்டி அடிப்பது முடியாது என்ற எண்ணம் இருந்ததாகவும், ஹாலின்ஸ் அங்கேயே ஒரு பந்தை வைத்து எதிர்முனையின் நடுவில் விழும்படி அடித்துக் காட்டியதாகவும் மெக்கன்சியே பின்னாளில் எழுதினார். பந்து விழுந்த அந்த இடத்தில் கிரீன் அமைந்தது. மைதானம் 1928இல் திறக்கப்பட்டது.

மெக்கன்சி மருத்துவம் படித்தவர்; யார்க்ஷயர்க்காரர். தென்னாப்பிரிக்கப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தபோது, போயர் வீரர்கள் பதுங்கு குழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்த விதத்தைக் கவனித்தார். முதல் உலகப் போரில் அந்த மறைப்புக் கலையையே கற்பித்தார். அதே கண்ணோடு கோல்ஃப் நிலத்துக்கு வந்தவர் அவர். சைப்ரஸ் பாயின்ட்டின் மணல்குழிகளைப் படத்தில் பார்த்தால் இது விளங்கும். விளிம்புகள் பிய்ந்தும் நெளிந்தும் இருக்கும். காற்று குடைந்த மணலுக்கும் மனிதன் வெட்டிய மணலுக்கும் எல்லை எது என்று சொல்ல முடியாது. தூரத்திலிருந்து பார்க்கும்போது மணல்குழி கிரீனை ஒட்டியிருப்பதாகத் தோன்றும். கிட்டே போனால் இடையில் இருபது முப்பது கெஜம் புல் கிடக்கும். பார்வையை ஏமாற்றித் தூரத்தைத் தப்பாகக் கணிக்க வைப்பதும் அந்த மறைப்புக் கலையின் ஒரு பகுதி.

1920இல் அவர் 13 கொள்கைகளை வகுத்து வெளியிட்டார். அவற்றில் நமக்கு வேண்டியவை சில. கிரீனுக்கும் அடுத்த டீக்கும் இடையே அதிக நடை கூடாது. நிலம் நெளிந்து கிடக்கலாம், ஆனால் மலையேற்றம் கூடாது. கிரீனை நோக்கி அடிக்கும்போது இலக்கு கண்ணில் படாமல் இருப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். துணிந்து தாண்டியடிக்கும் வாய்ப்புகள் இருக்க வேண்டும், ஆனால் வலிமை குறைந்தவருக்கு ஒரு அடி கூடுதலாகச் செலவழித்தாவது போக ஒரு மாற்று வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். காணாமல்போன பந்தைத் தேடும் எரிச்சல் ஆட்டக்காரருக்கு இருக்கவே கூடாது.

இந்த மாற்று வழிக் கொள்கைக்கு 16வது குழியைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. எதிரே கடல், அதற்கப்பால் மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த முனையில் கிரீன். நேராக அடித்தால் 200 கெஜத்துக்கும் மேல் பந்து காற்றிலேயே போக வேண்டும். படங்கள் இதைத்தான் காட்டும். ஆனால் இடப்பக்கம் பாருங்கள்: அங்கே ஒரு புல் நிலம் விரிந்து கிடக்கிறது. நடுத்தரத் தூரத்துக்கான ஓர் அயர்ன் மட்டையால் அங்கே அடித்துவிட்டு, அடுத்த அடியில் கிரீனில் ஏற்றி, ஒரே பட்டில் (கிரீனில் துளையை நோக்கி உருட்டும் அடியில்) பார் எடுக்கலாம். இரண்டு பட் ஆனால் 4. பந்து கடலுக்குப் போகாது. உடல் வலு குறைந்த முதியவரும், புதிதாக ஆடும் சிறுமியும், தேர்ந்த ஆட்டக்காரரும் ஒரே டீயில் நின்று மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். எதிர்க்காற்று பலமாக இருக்கும் நாளில் பெரிய ஆட்டக்காரர்களே இடப்பக்கம் திரும்புவார்கள். பயமுறுத்துவதற்காக மட்டும் வெட்டிய குழியாக இருந்திருந்தால் அது வெறும் வேடிக்கைப் பொருளாகியிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அடுத்தடுத்து இரண்டு பார் 3 வைக்கக் கூடாது, அடுத்தடுத்து இரண்டு பார் 5 வைக்கக் கூடாது, இரண்டு பாதிகளும் சமமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சைப்ரஸ் பாயின்ட்டில் 5, 6 இரண்டும் பார் 5. 15, 16 இரண்டும் பார் 3. முன்பாதி பார் 37, பின்பாதி 35. மணற்குன்றில் வரும் 8, 9 இரண்டும் நீளம் குறைந்த பார் 4. 9வது 300 கெஜத்துக்கும் குறைவு. நிலம் கேட்டதை மெக்கன்சி கொடுத்தார். கணக்குக்காக நிலத்தை வளைக்கவில்லை. 18வது குழி மட்டும் மற்றவற்றின் தரத்துக்கு வரவில்லை என்று பலரும் சொல்வதுண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. கடலை விட்டு மேலேறி, மரங்களுக்கிடையே நெருக்கமாக முடிகிறது. இருந்தும் அதை இழுத்து நீட்டி அலங்கரிக்காமல் விட்டதை மதிக்கிறேன்.

இனி நம் மலைக்கு வருகிறேன். கேள்வியின் கனமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

ஃபிங்கர்போஸ்ட் பக்கத்து ஊட்டி மைதானமும், பசுமைப் பள்ளத்தாக்கை ஒட்டிய கொடைக்கானல் மைதானமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோன்றியவை. கொடைக்கானல் கிளப் 1895ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அக்காலத்தில் இந்த மேடுகளில் இன்றுள்ள மரங்களில் பாதிகூட இல்லை. சோலைக் காடுகள் மடிப்புகளில் ஒதுங்கிக் கிடந்தன, மேடெல்லாம் புல்வெளி. கடற்கரையில் காற்றும் மணலும் சேர்ந்து உருட்டிவிட்ட மேடுபள்ளம், நீலகிரியின் மேட்டு நிலத்தில் வேறு காரணங்களால் அதே சாயலில் கிடந்தது. மரமற்ற, நெளிந்த, புல் மூடிய நிலம். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்ததும் மட்டையை எடுத்ததில் வியப்பில்லை. சென்னையின் பழைய மைதானங்களான கிண்டியும் நந்தனமும் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கடலோர ஆட்டத்தின் நில வடிவம் அங்கே இல்லை. தமிழ்நாட்டில் அந்த வடிவத்தை உணர வேண்டுமென்றால் 2,200 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டியிருக்கிறது.

தாவரங்களும் இந்த உறவைச் சொல்கின்றன. ஸ்காட்லாந்துக் கடலோர மைதானங்களின் விளிம்பில் மஞ்சள் பூவோடு நிற்கும் கோர்ஸ் முட்புதர் ஊட்டி மைதானத்தில் நமக்குப் பழகியது. பந்து உள்ளே போனால் கையைக் கிழித்துக்கொள்ளாமல் எடுக்க முடியாது. சைப்ரஸ் பாயின்ட்டுக்குப் பெயர் கொடுத்த மான்ட்டரே சைப்ரஸ் இயற்கையாக வளரும் இடங்கள் உலகில் இரண்டே: அந்த முனையும், அதற்குத் தெற்கே உள்ள பாயின்ட் லோபோஸும். காற்று முறுக்கிவிட்ட அதே இன மரத்தை இந்த மலைகளின் பங்களாக்களிலும் தேவாலய வளாகங்களிலும் நட்டு வளர்த்திருக்கிறார்கள். இங்கே காற்று அடக்கமாக இருப்பதால் நிமிர்ந்து நிற்கிறது. கோர்ஸ் பூத்திருக்கும்போது அழகுதான். ஆனால் அது புல்வெளியைத் தின்று பரவும் அயல் தாவரம். வாட்டில் எனப்படும் சீகை மரமும் அப்படியே. மைதானத்து எல்லையைத் தாண்டி அது ஓர் அடி நகர்ந்தாலும் பிடுங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. கலிஃபோர்னியக் கடற்கரையிலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஐஸ் பிளான்ட் என்ற தரைக்கொடியைப் பல இடங்களில் அகற்றி வருகிறார்கள்.

வேறுபாடுகளில் முதலாவது காற்றின் அடர்த்தி. ஊட்டியின் உயரத்தில் காற்று, கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அடர்த்திதான். பந்தை இழுத்துப் பிடிக்கும் விசை குறைவதால் அது சுமார் 8 சதவீதம் கூடுதலாகப் போகும். கடற்கரையில் 150 கெஜம் போகும் அயர்ன் அடி இங்கே 160ஐத் தாண்டும். இது பலருக்குத் தெரியும். கவனிக்கப்படாதது மற்றொன்று: சுழற்சியால் பந்துக்குக் கிடைக்கும் தூக்கலும் வளைவும்கூடக் குறைகின்றன. வலப்பக்கம் வளையும் பழக்கமுள்ள அடியை மலைக்காற்று ஓரளவு மன்னித்துவிடும். கிரீனில் விழும் பந்து சரிவாக இறங்குவதால் உடனே நிற்காது. இங்கே நேராகப் போனதாக நம்பிய அடி கிண்டியில் வளைந்து வெளியே போனால், ஆட்டம் கெட்டுப்போயிற்று என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. குறை எப்போதும் இருந்தது, அடர்ந்த காற்று அதை வெளியே கொண்டுவந்திருக்கிறது. சைப்ரஸ் பாயின்ட்டின் 16வது டீயில் ஓர் ஊட்டிக்காரர் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். இங்கே 230 கெஜம் காற்றில் கொண்டுபோகும் டிரைவ் அங்கே காற்றில்லாத நாளிலும் 213ஐ ஒட்டித்தான் போகும். குளிர்ந்த கடல்காற்று எதிரே வீசினால் இன்னும் குறையும். நான் இடப்பக்கம்தான் அடிப்பேன்.

இரண்டாவது, சரிவு. கடலோரத்தில் நிலம் நெளியும். ஆனால் மொத்தத்தில் தட்டை. மலையில் கால் ஊன்றும் இடமெல்லாம் சாய்வு. பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கம் இழுக்கும். தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் நழுவும். இறக்கத்தில் இருக்கும் கிரீனுக்கு ஒரு கெஜ இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு கெஜம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்துக்கு அதே அளவு கூட்ட வேண்டும். இதை மட்டை எடுக்கும் முன்பே மனதில் போட்டுவிடப் பழகாதவர்கள் இங்கே நல்ல அடியடித்தும் கிரீனைத் தவறவிடுவார்கள்.

வடிவமைப்பாளருக்குச் சரிவு இன்னும் கடினமான கேள்வி. மெக்கன்சியின் மலையேற்றம் கூடாது என்ற விதியை மலையில் எப்படிக் காப்பாற்றுவது? நல்ல மலை மைதானங்களை நடந்து பார்த்தால் விடை கிடைக்கும். நீளமான குழிகள் சரிவின் குறுக்கே, மேட்டின் விலா ஓரமாகப் போகும். ஏற வேண்டிய உயரத்தைக் குட்டையான குழிகளிலோ, கிரீனுக்கும் டீக்கும் இடையிலான சிறு நடையிலோ முடித்துவிடுவார்கள். ஏறிய உயரத்துக்குக் கூலியாக அடுத்த டீயிலிருந்து பள்ளத்தாக்கின் மேல் இறங்கி அடிக்கும் ஓர் அடி கிடைக்கும். ஏற்றமும் நீளமும் ஒரே குழியில் சேர்ந்தால் அங்கே வடிவமைப்பு தோற்றுவிட்டது என்று அர்த்தம். மூச்சிரைக்க வந்து நிற்பவரால் பட் அடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி அடிப்பதை மலையில் முழுதாகத் தவிர்க்க முடியாது. டீயில் அது இருக்கலாம், பை சுமக்கும் கேடீ முன்னால் போய் மேட்டில் நின்று கை காட்டினால் போதும். கிரீனுக்கான அடியில் அது இருந்தால் அந்தக் குழியை மாற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது மண். கடலோரத்தில் மணல் நீரைக் குடித்துவிடும்; பெருமழைக்கு மறுநாளும் தரை கெட்டியாக, பந்து ஓடும்படி இருக்கும். தாழ்வாக அடித்து உருட்டிக் கிரீனில் ஏற்றும் ஆட்டம் பிறந்ததே அந்தத் தரையில்தான். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மண்ணும் களிமண். கிரீன்களைப் பெரும்பாலும் சரிவில் பின்பக்கம் வெட்டி முன்பக்கம் மண் கொட்டித்தான் அமைக்க வேண்டியிருக்கிறது. மேலேயிருந்து வரும் மழைநீரைக் கிரீனுக்கு மேற்புறமே வாய்க்கால் வெட்டித் திருப்பாவிட்டால் ஒரு பருவத்தில் கிரீன் ஊறிப்போகும். புல்லும் வேறு: கென்ய மலைகளிலிருந்து வந்த கிக்குயூ புல் இரண்டு மலைகளிலும் படர்ந்திருக்கிறது. தடித்த தண்டும் பின்னிய கொடியுமாக அது பந்தைத் தூக்கி நிறுத்தும், டீக்கும் கிரீனுக்கும் இடையிலான புல்வழியான ஃபேர்வேயில் சுகம். கிரீன் ஓரத்தில் உருட்டினால் முதல் துள்ளலிலேயே பந்தைப் பிடித்துக்கொள்ளும். மட்டை முகத்தையும் பற்றித் திருப்பிவிடும். ஆகவே இங்கே கிரீன் ஓரத்தில் பந்தைக் கொஞ்சம் தூக்கி, கிரீன் மேலேயே விழவைப்பது நல்லது.

பட் அடிப்பதில் மட்டும் மலையும் கடலும் ஒன்றையே சொல்கின்றன. ஊட்டியில் எந்தக் கேடீயைக் கேட்டாலும், கண் என்ன சொன்னாலும் பந்து பள்ளத்தாக்குப் பக்கம் இழுக்கும் என்பார். மான்ட்டரே கரையில் கேட்டால் கடல் பக்கம் இழுக்கும் என்பார்கள். இதில் மர்மம் ஒன்றுமில்லை. நிலம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது, நம் கண் அந்தச் சாய்வையே சமதளமாக எடுத்துக்கொள்கிறது. கிரீன் சற்றே அதே பக்கம் சாய்ந்திருந்தால் தட்டையாகத் தெரியும். உண்மையிலேயே தட்டையாக இருந்தால் மேட்டுப் பக்கம் சாய்வதாகத் தெரியும். கிரீனுக்கு வரும் வழியிலேயே, ஐம்பது கெஜம் தள்ளி நின்று, பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த மைதானங்களில் தலைமுறையாகப் பை சுமக்கும் குடும்பங்களின் அறிவு எந்தக் கருவியைவிடவும் நம்பத்தக்கது. அந்த அறிவுக்குரிய கூலியும் மரியாதையும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

பனியைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர், ஜனவரி காலைகளில் புல்லில் உறைபனி பிடித்திருக்கும்போது கிரீனில் கால் வைக்கவே கூடாது. உறைந்த புல் இலை மிதிபட்டால் உடைந்து கருகும். அடித்தடம் பல நாள் நிற்கும். வெயில் ஏறும்வரை காத்திருங்கள். மேகம் இறங்கிவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். முன்னால் ஆள் இருப்பது தெரியாமல் அடிப்பது குற்றம்.

கொடைக்கானலில் காட்டுமாடுகள் உண்டு. அவை மைதானத்துக்கு வந்தவை என்று நினைப்பது தவறு. நாம்தான் அவற்றின் புல்வெளியில் ஆடுகிறோம். கூட்டம் ஃபேர்வேயில் நின்றால் அது நகரும்வரை நிற்க வேண்டும்; தனியாகத் திரியும் கிடா என்றால் அந்தக் குழியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். விரட்டுவதற்காகப் பந்தடிப்பவர்களை மைதானத்துக்குள் விடவே கூடாது. கிரீனில் குளம்புத் தடம் இருந்தால் கவலை வேண்டாம்: 2019இல் வந்த விதி மாற்றத்தின்படி விலங்குகளின் கால்தடத்தைப் பட் அடிக்கும் முன் சரிசெய்துகொள்ளலாம்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், சைப்ரஸ் பாயின்ட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்பது தெளிவாகும். சில ஆண்டுகளாக மலை மைதானங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நீளத்தைக் கூட்டு, ஓரங்களில் மரம் நட்டு ஃபேர்வேயைக் குறுக்கு, பூச்செடி வை என்ற யோசனைகளே வருகின்றன. நான் இதை எதிர்க்கிறேன். மெல்லிய காற்றில் 300 கெஜம் சேர்த்தால் இளைஞர்களுக்கு ஒன்றும் ஆகாது. முதியவர்களும் பெண்களும் ஆட்டத்தைவிட்டுப் போவார்கள். மரம் நட்டால் மாற்று வழி அடைபடும். எல்லோரும் ஒரே கோட்டில் அடிக்க வேண்டியதாகிவிடும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: முன்னோர் விட்ட அகலத்தை மீட்டெடுப்பது, சீகையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் மறைத்துவிட்ட மேட்டு விளிம்புகளைத் திறப்பது, பள்ளத்தைத் தாண்டியடிக்கும் ஒவ்வொரு குழியிலும் தாண்ட முடியாதவருக்கு ஒரு புல்வழியை வெட்டி வைப்பது. பள்ளத்தாக்கு முழுதாகத் தெரியும் இடம் எந்தக் குழியில் வருகிறது என்று கவனித்து, அதற்கு முந்தைய குழிகளில் அதைக் காட்டாமல் இருப்பது. இதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த கிளப்பைப் பின்பற்ற வேண்டாம். பெரிய தொழில்முறைப் போட்டி ஒன்றின் ஒரு பகுதி பல ஆண்டுகள் அங்கே நடந்து வந்தது. 1990இல், இனப் பாகுபாடு காட்டும் கிளப்புகளில் போட்டி நடத்துவதில்லை என்று அமெரிக்கத் தொழில்முறை அமைப்பு விதி கொண்டுவந்தபோது, உறுப்பினர் சேர்க்கை விஷயத்தில் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வதைவிடப் போட்டியிலிருந்து விலகுவதையே சைப்ரஸ் பாயின்ட் தேர்ந்தெடுத்தது. 1991இலிருந்து அந்தப் போட்டியில் அதன் இடத்துக்கு வேறு மைதானம் வந்தது. பலவீனமானவருக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்று நினைத்தவர் அமைத்த மைதானம், வாசலில் அந்தக் கொள்கையைக் கைவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது. நம் மலை மைதானங்களில் வெளியூர்க்காரர் கட்டணம் கட்டி ஆடும் வழி இருக்கிறது. அடுத்த கட்டமாக, மைதானத்து வேலியை ஒட்டியே வளரும் ஊர்ப்பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு காலையாவது திறந்துவிட வேண்டும்.

தம்பிக்கு ஒரு வேலை சொல்கிறேன். இணையத்தில் சைப்ரஸ் பாயின்ட்டின் வரைபடம் எளிதில் கிடைக்கும். செயற்கைக்கோள் படத்திலும் 18 குழிகளும் தெளிவாகத் தெரியும். முதலில் ஒவ்வொரு குழியும் எந்த நிலத்தில் கிடக்கிறது என்று வண்ணம் தீட்டுங்கள்: மணல், காடு, கரை. பிறகு வெலிங்டன் மைதானத்துக்கு மட்டை இல்லாமல் போங்கள். கடைசி கிரீனில் தொடங்கி முதல் டீவரை பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு கிரீனிலிருந்தும் டீயைத் திரும்பிப் பாருங்கள். வந்த வழியைத் தவிர வேறு எந்த வழியில் இங்கே வந்திருக்கலாம் என்று ஒவ்வொரு குழிக்கும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லாத குழிகள் எவை என்று எனக்கு எழுதுங்கள். அவற்றில் எதைத் திறக்கலாம் என்று பேசுவோம்.